முகம் காணா அரங்கில் முதல் வணக்கம்

புதியவர் ஒருவரைக் கண்டதும் ‘தங்களுக்கு எந்த ஊர்?’ என்று வினவுவது தமிழர் வழக்கம். மலையகத்தில் அவ்வினா இன்னும் நுணுக்கமானது. எந்தத் தோட்டம், எந்தப் பிரிவு, யாருடைய பிள்ளை என்னும் மூன்றுக்கும் விடை கிடைத்துவிட்டால், வந்தவர் உறவினராகிவிடுவார். இல்லையேல் உறவினருக்குத் தெரிந்தவராகிவிடுவார். அதன் பின்னர்தான் தேநீர் வரும்.

இன்று கண்டி மாநகரிலும், கட்டுகஸ்தோட்டை, பேராதனை, கம்பளை, புசல்லாவை முதலிய சுற்றூர்களிலும் வாழும் நம் பிள்ளைகளுள் பலர், ஊரும் குலமும் வினவப்படாத ஓர் அரங்கினுள் நாள்தோறும் நுழைகின்றனர். அதுவே இணையவழி வியூக விளையாட்டு அரங்கு. அங்கே முகம் தெரிவதில்லை. குரலும் எப்போதும் கேட்பதில்லை. எனினும், புதிதாய்ச் சேர்பவர் தம்மை அறிமுகம் செய்துகொள்ள வேண்டும் என்னும் மரபு மட்டும் அங்கும் உண்டு. அந்த முதல் வணக்கத்தில் எதைச் சொல்வது, எதைச் சொல்லாது விடுவது என்பதைக் குறித்துச் சிறிது சிந்திப்போம்.

வியூக விளையாட்டு யாது?

கைவேகத்தினும் மதியூகத்துக்கு முதலிடம் தருவது வியூக விளையாட்டு. சதுரங்கம் அக்குலத்தின் மூத்த பிள்ளை. கணினி பரவிய பின்னர் 1991ஆம் ஆண்டில் ‘சிவிலிசேஷன்’, 1997இல் ‘ஏஜ் ஒவ் எம்பயர்ஸ்’, 1998இல் ‘ஸ்டார்கிராஃப்ட்’ எனப் புதிய ஆட்டங்கள் தோன்றின. இவற்றுள் ‘ஏஜ் ஒவ் எம்பயர்ஸ்’ ஆடுபவர் சின்னஞ்சிறு குடியிருப்போடு தொடங்குகிறார். உணவு சேர்த்து, மரம் வெட்டி, பொன் அகழ்ந்து, மதில் எழுப்பி, படை திரட்டுகிறார். எதனை முன்செய்வது, எதனைப் பின்செய்வது என்பதிலேயே வெற்றி தங்கியிருக்கிறது.

அவ்விளையாட்டின் இரண்டாம் பாகத்தில் 2022 ஏப்ரலில் ‘திராவிடர்’ என்னும் பிரிவு சேர்க்கப்பட்டது. ‘திரிசடை’ என்னும் மரக்கலமும், உறுமி வாளேந்திய வீரரும் அதில் இடம்பெறுகின்றனர். இராசேந்திர சோழனின் படையெடுப்புகளை ஆடிப் பார்ப்பதற்கும் வழியுண்டு. வரலாற்று வகுப்பில் கொட்டாவி விடும் மாணவன் ஒருவன், இரவு பத்து மணிக்கு இராசேந்திரனின் கடற்படையைப் பற்றி ஐயம் கேட்டால் பெற்றோர் வியக்க வேண்டியதில்லை!

பழமையான புதுமை

முகம் பாராது ஆடுவது இணையம் கண்டுபிடித்த புதுமை என்று எண்ணுவோர் உளர். அஃது அவ்வாறன்று. 1824ஆம் ஆண்டில் லண்டன் சதுரங்கக் கழகமும் எடின்பரோக் கழகமும் தபால் வழியே ஆடத் தொடங்கின; ஆட்டம் முடிய 1828 ஆயிற்று. வென்றது எடின்பரோ. 1897இல் பிரித்தானியப் பொதுச் சபை உறுப்பினரும் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபை உறுப்பினரும் அத்திலாந்திக் கடலடித் தந்தி வழியே சதுரங்கம் ஆடி, இரண்டரைக்கு இரண்டரை என்று சமன் செய்தனர். 1970 ஜூன் மாதத்தில், சோயுஸ் 9 விண்கலத்தில் இருந்த இருவர் பூமியில் இருந்தோரோடு ஆடினர். அதுவும் சமநிலையில் முடிந்தது.

நம் பத்திரிகைகளில் வெளிவந்த ‘பேனா நண்பர்’ பகுதிகளை மூத்த வாசகர்கள் மறந்திரார். பெயர், வயது, முகவரி, பொழுதுபோக்கு ஆகிய நான்கே விவரங்கள். முத்திரை சேகரித்தல், வானொலி கேட்டல் என்று இரண்டு சொற்கள். அதனை நம்பி முன்பின் அறியாதவர்கள் ஆண்டுக்கணக்காய்க் கடிதம் எழுதினர். இணைய ஆட்டக்காரரின் அறிமுகக் குறிப்பு அந்தப் பேனா நண்பரின் பேரப்பிள்ளையே ஆகும்.

கண்டி மண்ணும் வியூகமும்

கண்டிக்கோ வியூகம் புதிதன்று. 1638 மார்ச்சில் போர்த்துக்கேயத் தளபதி டியோகோ டி மெலோ கண்டிக்குள் நுழைந்தபோது நகரம் வெறிச்சோடிக் கிடந்தது. அதற்குத் தீயிட்டுத் திரும்பிய அவர் படையை, பேராதனைக்கு அருகில் உள்ள கன்னொறுவையில் இரண்டாம் இராசசிங்கனின் படைகள் வளைத்து அழித்தன. ஊரை விட்டுக்கொடுத்துப் படையை மடக்கும் இவ்வியூகத்தை 1803இல் ஆங்கிலேயரும் அனுபவித்தறிந்தனர். வெறுமையான நகரைக் கைப்பற்றி அங்கே நிறுத்தப்பட்ட அவர்களது படைப்பிரிவு, அவ்வாண்டு ஜூன் மாதத்தில் அழிந்தது. 1944இல் மவுண்ட்பேட்டன் பிரபு தென்கிழக்காசிய நேசப்படைத் தலைமையகத்தைக் கண்டிக்கு மாற்றியபோது, பேராதனைப் பூங்காவின் மர நிழலிலே பர்மாப் போருக்கான திட்டங்கள் தீட்டப்பட்டன.

வீட்டுத் திண்ணையிலும் வியூகம் இருந்தது. நம் பல்லாங்குழிக்கு உடன்பிறப்பான ‘ஒலிந்த கெளிய’ என்னும் ஆட்டத்தைச் சிங்களப் பெண்கள் குன்றிமணி கொண்டு புத்தாண்டுக் காலத்தில் ஆடுவர். நம் ஆடுபுலி ஆட்டத்தைப் போன்ற சிறுத்தை ஆட்டங்களும் இங்கு வழங்கின. நீர்ப்பாசனத் திணைக்களத்தில் பணியாற்றிய ஹென்றி பார்க்கர், 1909இல் வெளியான ‘பண்டைய இலங்கை’ என்னும் ஆங்கில நூலில் இவ்விளையாட்டுகளை விவரித்துள்ளார். தமிழ் வீட்டுக் குழியிலும் சிங்கள வீட்டுக் குழியிலும் ஒரே கணக்குத்தான் ஓடியது என்பது நினைவிற்கொள்ளத்தக்கது.

பெயரும் எண்ணும்

இணைய அரங்கில் ஒருவர் முதலில் சொல்வது புனைபெயர். 2018இல் ஜகார்த்தாவில் நடைபெற்ற ஆசிய விளையாட்டு விழாவில் ஸ்டார்கிராஃப்ட் கண்காட்சிப் போட்டியில் வென்ற தென்கொரிய இளைஞர் சோ சியோங்-ஜுவை, ஆட்டக்காரர் உலகம் ‘மாரு’ என்றே அறியும். எழுத்தாளருக்குப் புனைபெயர் போல ஆட்டக்காரருக்கு இது.

அடுத்துச் சொல்வது ஓர் எண். ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவில் பௌதிகப் பேராசிரியராய் விளங்கிய ஆர்பட் ஈலோ வகுத்த முறையை, உலகச் சதுரங்கச் சம்மேளனம் 1970இல் ஏற்றுக்கொண்டது. இருவர் எண்களுக்கிடையே 200 வேறுபாடு இருப்பின், வலியவர் நூறு ஆட்டங்களில் ஏறத்தாழ 76 புள்ளி பெறுவார் என்பது அதன் கணக்கு. இணைய ஆட்டங்கள் பலவும் இம்முறையையோ இதனைத் தழுவிய முறையையோ கையாள்கின்றன. இந்த எண்ணைக் கூட்டிச் சொல்லிப் பயனில்லை. முதல் ஆட்டத்திலேயே குட்டு வெளிப்பட்டுவிடும். தகப்பனாரின் பதவியைச் சொல்லியும் அதனை உயர்த்திவிட முடியாது!

மூன்றாவது, தாம் எதற்காக ஆடவந்தார் என்பது. எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் உருவான ஆதிகால வலைப்பின்னல் விளையாட்டொன்றின் ஆசிரியருள் ஒருவரான ரிச்சர்ட் பார்ட்டில், 1996இல் ஆட்டக்காரரை நால்வகைப்படுத்தினார். வெற்றிப்படி ஏற விழைவோர், அரங்கின் மூலைமுடுக்கெல்லாம் தேடியறிய விழைவோர், தோழமை நாடுவோர், பிறரை வீழ்த்துவதில் இன்பம் காண்போர் என்பன அவை. இந்நால்வரையும் நம் தெருவிலும், கலியாண வீட்டுப் பந்தியிலும், அலுவலகத்திலும் காணலாம் அன்றோ?

பெயர் சொல்லாமையின் பெருமை

இனிச் சொல்லப்போவதே முக்கியமானது. இலங்கையில் ஒருவர் தம் பெயரைச் சொன்னவுடன் அவரது மொழியும் பெரும்பாலும் சமயமும் தெரிந்துவிடுகின்றன. 1983 ஜூலையில் ஒரு பெயருக்காகவே உயிரிழந்தோர் உண்டு, வீடிழந்தோர் பல்லாயிரவர். கண்டிக்கு அண்மையிலுள்ள தெல்தெனிய, திகன பகுதிகளில் 2018 மார்ச்சில் முஸ்லிம் மக்களுக்கு எதிராக வன்செயல் மூண்டபோது, வதந்தியும் வெறுப்பும் சமூக வலைத்தளங்கள் வழியே பரவின. அரசாங்கம் அவசரகால நிலையைப் பிரகடனம் செய்து, அத்தளங்களைச் சில நாட்கள் முடக்கிவைத்தது. தன் தளம் தவறாகப் பயன்படுத்தப்பட்டமைக்கு பேஸ்புக் நிறுவனம் 2020 மே மாதத்தில் மன்னிப்புக் கோரியது.

அதே கம்பி வழியே, அதே மலைச்சாரலில், ஒரு தமிழ்ப் பிள்ளையும் ஒரு சிங்களப் பிள்ளையும் ஒரு முஸ்லிம் பிள்ளையும் இனம் அறியாது ஓரணியில் நின்று ஒரு மதிலைக் காக்கக்கூடும். ‘நீ வடக்கு வாயிலைப் பார், நான் உணவு அனுப்புகிறேன்’ என்று ஒருவர் சொல்ல மற்றவர் நம்புகிறார். பல நாட்கள் கழிந்து உண்மைப் பெயர் தெரியவரும்போது, வெறுக்கக் கற்பிக்கப்பட்ட இனத்தவர் ஏற்கெனவே தோழராகியிருப்பார். இனம் மறைந்த இடத்தில் குணம் முந்திக்கொள்வதே இவ்வரங்கின் பெரும் நன்மை என்போம்.

திரையின் மறுபுறம்

ஆனால் திரை நல்லோரை மட்டுமா மறைக்கிறது? இணையத்தில் நாய் கணினியின் முன் அமர்ந்திருந்தாலும் எவரும் அறியார் என்னும் கருத்தில் ‘நியூயோர்க்கர்’ சஞ்சிகையில் 1993 ஜூலையில் ஒரு கேலிச்சித்திரம் வெளிவந்தது. நாயென்றால் பாதகமில்லை, பதினான்கு வயது என்று சொல்லிக்கொண்டு நாற்பது வயதினர் வந்தால்தான் ஆபத்து. பேனா நண்பர் பகுதி முகவரியைக் கேட்டது. அதற்கு ஒரு பத்திரிகாசிரியரின் மேற்பார்வையும் தபாலின் தாமதமும் காவலாய் நின்றன. இங்கு அக்காவல் இல்லை. ஆகையால் பிள்ளைகள் முழுப்பெயர், பாடசாலை, வீட்டு முகவரி, ரியூஷன் வகுப்பு நேரம், தொலைபேசி இலக்கம், புகைப்படம் ஆகியவற்றை அறிமுகத்தில் தருதல் ஆகாது. ‘இதை அம்மாவிடம் சொல்லாதே’ என்று எவரேனும் கேட்டால், அந்தக் கணமே அம்மாவிடம் சொல்லிவிட வேண்டும்.

பெற்றோரும் ஒன்றை மறத்தலாகாது. சொன்னால் கைத்தொலைபேசி பறிபோகும் என்று அஞ்சும் பிள்ளை எதையும் சொல்லாது. வாரத்தில் ஒருநாள் அருகில் அமர்ந்து, ‘உன் அணியில் இருப்பவர் யார்? அவர் எப்படிப்பட்டவர்?’ என்று கேட்பது, தண்டனையினும் பயன் தரும். ஆட்டம் விளங்காவிடினும் ஆள் விளங்கும்.

நல்ல அறிமுகம்

ஆடும் நேரத்தையும் முன்கூட்டியே சொல்லிவிடுதல் நன்று. நம் கடிகாரம் கிரினிச் நேரத்துக்கு ஐந்தரை மணி முந்தியது. இங்கு இரவுணவு வேளையில் கனடாவிலுள்ள ஒன்றுவிட்ட அண்ணன் காலையில் பல் துலக்கிக்கொண்டிருப்பார். ‘பரீட்சைக் காலத்தில் வரமாட்டேன்’ என்று சொல்லிவைத்தால் மதிப்புக் குறையாது. 2022 மார்ச் இறுதியில் நாட்டில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை மின்வெட்டு இருந்ததை நாம் அறிவோம். ஆட்டத்தின் நடுவே விளக்கு அணைந்தால், தோற்பவன் ஓடிவிட்டான் என்றே எதிராளி எண்ணுவான். மறுநாள் ஒரு வரி எழுதி விளக்குவது பண்பு. 2020இல் நடந்த இணையவழிச் சதுரங்க ஒலிம்பியாட் இறுதியாட்டத்திலேயே இந்திய வீரர் சிலரின் தொடர்பு அறுந்துபோக, இந்தியாவும் ரஷ்யாவும் கூட்டு வெற்றியாளராக அறிவிக்கப்பட்டன.

அப்படியாயின் நல்ல அறிமுகம் எவ்வாறு அமையலாம்? ‘வணக்கம். மலைநாட்டிலிருந்து வருகிறேன். ஆறு மாதமாய் ஆடுகிறேன். என் எண் சிறியது. சனி, ஞாயிறு மாலையில் இரண்டு மணி நேரம் ஆடுவேன். தோற்றால் எங்கே பிழைத்தேன் என்று சொல்லித் தாருங்கள்.’ இவ்வளவே போதும். இதில் பொய்யில்லை, பகைவருக்குப் பயன்படும் செய்தியும் இல்லை. கற்க வந்தவன் என்பது மட்டும் தெளிவாய்த் தெரிகிறது. அத்தகையவனுக்கு எந்த அரங்கிலும் ஓர் ஆசான் கிடைப்பான்; பொறுமையிருந்தால் ஒரு தோழனும் கிடைப்பான்.