'அண்ட்' போட்ட முடிச்சு

ஆங்கிலத்தில் 'அண்ட்' போட்டு இணைப்பதைப் பள்ளிக்கூடத்தில் சீக்கிரமே சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். அதில் என்ன சந்தேகம் வரப்போகிறது? வந்தது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது.

மார்க் பல்சிஃபர், அயோவாவில் மெத்தாம்ஃபெட்டமின் விற்றதாக ஒப்புக்கொண்டவர். அவருக்குக் குறைந்தபட்சத் தண்டனையே 15 ஆண்டு. ஆனால் 2018-இல் வந்த 'ஃபர்ஸ்ட் ஸ்டெப்' சட்டப்படி, பழைய குற்றக் கணக்கு பெரிதாக இல்லாதவருக்கு நீதிபதி அதையும் குறைக்கலாம். அங்கே பழைய தண்டனைகளுக்குப் புள்ளி போடுவது வழக்கம். சட்டத்தை எழுதியவர்கள் 'டஸ் நாட் ஹேவ்' என்று ஒரே ஒரு தடவை எழுதி, அதன்கீழ் மூன்று வரிகளைத் தொங்கவிட்டார்கள்: 4 புள்ளிக்கு மேல், 3 புள்ளிக் குற்றம், 2 புள்ளி வன்முறைக் குற்றம். கடைசி இரண்டுக்கும் நடுவே ஓர் 'அண்ட்'.

பல்சிஃபரிடம் முதல் இரண்டும் இருந்தன, மூன்றாவது இல்லை. "மூன்றும் சேர்ந்து இருந்தால்தானே சலுகை போகும்?" என்றது அவர் தரப்பு. ஒன்று இருந்தாலே போய்விடும் என்றது அரசு.

குடித்துவிட்டு வண்டி ஓட்டாதே என்று சொல்ல 'டோன்ட் டிரிங்க் அண்ட் டிரைவ்' என்று எழுதுகிறார்கள். தனியாகக் குடிக்கலாம், தனியாக ஓட்டலாம். இரண்டும் சேரக் கூடாது. பல்சிஃபர் சொன்னதும் இதைத்தான். தர்க்கப் பாடத்தில் 'டி மார்கன் விதி' என்று படிப்பதும் இதுவே. (அந்த அகஸ்டஸ் டி மார்கன் 1806-இல் பிறந்தது நம் மதுரையில்!) ஆனால் பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதிய நீதிபதி எலினா கேகன் ஒரு மருத்துவமனையைக் காட்டினார். சிகிச்சைக்கு முன் சாப்பிடாதே, குடிக்காதே, புகைக்காதே என்று சொல்ல 'டோன்ட் ஈட், டிரிங்க் அண்ட் ஸ்மோக்' என்கிறார்கள். வயிறு முட்டத் தின்றுவிட்டு, "சிகரெட் பிடிக்கவில்லையே டாக்டர்" என்று யாரும் வாதாட மாட்டார்கள். எதிர்மறைக்குப் பின்னால் வரும் அதே 'அண்ட்'தான். இலக்கணம் இரண்டுக்கும் இடம் கொடுக்கிறது.

கேகன் பிடித்த பிடி கூட்டல் கணக்கில் இருந்தது. மூன்றும் சேர்ந்து இருக்க வேண்டும் என்றால், 3 புள்ளிக் குற்றமும் 2 புள்ளிக் குற்றமும் உள்ளவருக்கு ஏற்கெனவே 5 புள்ளி ஆகிவிடும். அப்புறம் '4-க்கு மேல்' என்ற முதல் வரிக்கு வேலையே இல்லை. வேலையில்லாத வரியை நாடாளுமன்றம் எழுதியிருக்காது என்பது அவர் வாதம். நல்ல வாதம்தான். 2024 மார்ச் 15 அன்று 6-க்கு 3 என்ற கணக்கில் பல்சிஃபர் தோற்றார்.

எதிர்த்து எழுதியவர் நீதிபதி நீல் கோர்சச். பழைமைவாதி என்று பெயரெடுத்த அவரோடு சேர்ந்தவர்கள் தாராளவாதிகளான சோட்டோமேயரும் ஜாக்சனும்! கேகனோ தாராளவாதி; அவரோடு கையெழுத்திட்ட ஐவரும் பழைமைவாதிகள். ஓர் இணைப்புச் சொல் கட்சி கட்டுவதையே கலைத்துப் போட்டுவிட்டது. எதிர்த்தவர்கள் பக்கமும் வலு இருக்கிறது: அதே சட்டப் பிரிவின் அடுத்த நிபந்தனையில் வன்முறை 'ஆர்' துப்பாக்கி என்று 'ஆர்' எழுதத் தெரிந்தவர்கள்தாம், இங்கே 'அண்ட்' எழுதியிருக்கிறார்கள்.

சட்டத்தில் தெளிவில்லை என்றால் சந்தேகத்தின் பலன் குற்றம் சாட்டப்பட்டவருக்கு என்பது அங்கும் பழைய விதி. சூழலோடு சேர்த்துப் படித்தால் இங்கே சந்தேகமே இல்லை என்று சொல்லி, பெரும்பான்மை அதைத் தள்ளிவைத்தது. கீழே இருந்த மேல்முறையீட்டு நீதிமன்றங்கள் இரண்டு பக்கமாகப் பிரிந்து தீர்ப்பெழுதிய வாக்கியம் இது. கூட்டல் கணக்கை ஒப்புக்கொள்ளும் எனக்கு, சந்தேகமே இல்லை என்ற அந்த வரியை மட்டும் ஒப்புக்கொள்ள முடியவில்லை.