மருந்தை இழுப்பது உங்கள் மூச்சுதான்

மருந்துக் கடையில், பொடி மருந்தை மூச்சோடு இழுக்க உதவும் ரோட்டாஹேலர் கருவியையும் அதற்கான ஒரு புட்டி காப்ஸ்யூலையும் பையில் போட்டுக் கொடுத்துவிடுகிறார்கள். எப்படி இழுப்பது என்று சொல்லித் தருபவர் அபூர்வம். காப்ஸ்யூலை மாத்திரை என்று நினைத்துத் தண்ணீரோடு விழுங்குபவர்களும் உண்டு. பிறகு "இன்ஹேலர் எனக்குக் கேட்கவில்லை" என்பார்கள். நுரையீரலுக்கே போகாத மருந்து எப்படிக் கேட்கும்?

பொடி மருந்து இன்ஹேலர்களில் உந்தும் வாயு கிடையாது. நாம் இழுக்கும் காற்றுதான் பொடியைக் கிளப்பி உள்ளே கொண்டுபோகிறது. ரோஜர் ஆல்தூன்யன் என்ற மருத்துவர் 1960களில் உருவாக்கிய ஸ்பின்ஹேலர் இவ்வகையில் முன்னோடி. அவருக்கே ஆஸ்துமா இருந்தது. ஒவ்வாத பொருளைத் தானே சுவாசித்து இளைப்பை வரவழைத்து, மருந்துகளைத் தன் உடலில் சோதித்தவர். இரண்டாம் உலகப் போரில் விமானம் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் என்பதாலோ என்னவோ, அவருடைய கருவிக்குள் ஒரு குட்டி விமான விசிறி இருந்தது. மூச்சை இழுத்தால் அது சுழன்று பொடியைச் சிதறடிக்கும்.

ரோட்டாஹேலரில் சதுரத் துளைக்குள் காப்ஸ்யூலின் நிறமற்ற முனை முதலில் போக வேண்டும். அடிப்பாகத்தைத் திருகினால் காப்ஸ்யூல் பிரியும். இனி முக்கியமான கட்டம். முகத்தைத் திருப்பி மூச்சை முழுக்க வெளியே விடுங்கள். கருவிக்குள் ஊதவே கூடாது, ஈரம் பட்டால் பொடி கட்டிக்கொள்ளும். உதடுகளால் இறுகக் கவ்வி, வேகமாக, ஆழமாக ஒரே இழுப்பு. பத்து வினாடி மூச்சை அடக்குங்கள். பொடி மிச்சமிருந்தால் மறுபடி இழுக்கலாம்.

சென்னை, தூத்துக்குடி போன்ற ஈரக் காற்றுள்ள கடலோர ஊர்களில் காப்ஸ்யூலை வெளியே எடுத்து வைத்தால் வீண்தான். புட்டியிலேயே, இறுக மூடி இருக்கட்டும். ரோட்டாஹேலரை வாரம் ஒருமுறை தண்ணீரில் கழுவி, முழுக்க உலர்ந்த பிறகே பயன்படுத்த வேண்டும். டர்புஹேலர் என்ற இன்னொரு வகைப் பொடி இன்ஹேலரையோ கழுவவே கூடாது. வாய் வைக்கும் இடத்தை உலர்ந்த துணியால் துடைத்தால் போதும். ஸ்டீராய்டு மருந்தென்றால் ஒவ்வொரு முறையும் வாய் கொப்பளித்துத் துப்புங்கள். இல்லாவிட்டால் வாயில் பூஞ்சை படரலாம்.

சின்னக் குழந்தைகளால் அவ்வளவு வலுவாக இழுக்க முடியாது. அவர்களுக்கு ஸ்பேசர் என்ற இடைக்குழாய் பொருத்திய ஸ்ப்ரே இன்ஹேலரே சரி. பெரியவர்களுக்கும் இளைப்பு முற்றினால் இழுக்கும் பலம் குறைந்துவிடும். அந்த வேளைக்கு என்ன மருந்து என்பதை மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டு வையுங்கள். ஒரு வாக்கியம் முழுதாகப் பேச முடியவில்லை, உதடு நீலம் பூக்கிறது என்றால் தாமதிக்காமல் 108-ஐ அழையுங்கள்.