எரிமலை ஏரிகளும் வாய்மொழி மரபும்

அவுஸ்திரேலியாவின் வட குவீன்ஸ்லாந்திலுள்ள எரிமலைவாய் ஏரிகள் தேசியப் பூங்காவில், மழைக்காட்டின் நடுவே பரின், ஈச்சம் எனும் இரு ஏரிகள் உள்ளன. எரிகுழம்பின் வெப்பத்தால் நிலத்தடி நீர் ஆவியாகி வெடித்தமையால் உண்டான பள்ளங்களே இவை.

இவற்றின் தோற்றம் பற்றி ஙஜொன் மக்களிடையே ஒரு கதை வழங்குகின்றது. இளைஞர் இருவர் விலக்கொன்றை மீற, வானவில் பாம்பு சினந்து நிலத்தைப் பிளந்தது என்பது அதன் சாரம். 1960களில் மொழியியலாளர் டிக்ஸன் இதனைப் பதிவுசெய்தபோது, அன்று அங்கே அடர்காடு இருக்கவில்லை, திறந்த புதர்நிலமே இருந்ததெனக் கதைசொல்லி குறிப்பிட்டார். அண்மையிலுள்ள யூரமூ எரிமலை ஏரியின் படிவுகளிற் கிடைத்த மகரந்தத்தைக் கேர்ஷோ ஆராய்ந்தபோது, அப்பகுதி மழைக்காட்டின் வயது ஏறத்தாழ 7,600 ஆண்டுகளே எனத் தெரியவந்தது. ஏரிகள் அதனினும் பழையன.

வேட்டையாடியும் உணவு சேகரித்தும் வாழ்ந்தோருக்கு நிலமே உற்பத்திச் சாதனம்; அதன் மாற்றங்களை நினைவிற் பேணுதல் வாழ்க்கைத் தேவையாயிருந்தது. புராண வடிவத்தினுள் அவ்வரலாற்றறிவே பொதிந்துள்ளதென நாம் கருதுகிறோம்.

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் மரம் தறிக்கவும் பண்ணை அமைக்கவும் வந்த குடியேறிகள் இம்மக்களின் நிலத்தைப் பறித்தனர். 1988இல் இக்காடுகள் உலக மரபுரிமையானபோது இயற்கைச் சிறப்புகளே அளவுகோலாயின; பழங்குடியினரின் பண்பாட்டு விழுமியங்கள் தேசிய மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற 2012 வரை சென்றது. காட்டைப் போற்றி, அதன் வரலாற்றைக் காத்தவரை மறப்பதை நாம் ஏற்பதற்கில்லை.