அண்டா பெரிதானால் அடுப்பும் மாற வேண்டும்! திறந்தவெளிச் சமையலுக்கு பாதுகாப்பான கேஸ் அடுப்பைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

ஆகஸ்ட் 29-ல் கொடியேறி, செப்டம்பர் 8 வரை நடக்கிறது வேளாங்கண்ணி ஆரோக்கிய மாதா பேராலயத் திருவிழா. காவி உடுத்தி பாதயாத்திரையாக வருபவர்கள் ஏராளம். அரிசி, அண்டா, சிலிண்டரை வேனில் ஏற்றிவந்து, வழியில் திறந்தவெளியில் சமைக்கும் குழுக்களும் உண்டு. அப்படிச் சமைப்பவர்கள் முதலில் கவனிக்க வேண்டியது அடுப்பைத்தான்.

எடையைத் தாங்குமா?

50 லிட்டர் தண்ணீரின் எடை மட்டுமே 50 கிலோ. அரிசி, அண்டா எடை தனி. வீட்டு அடுப்பு இதற்கானதல்ல. கால்கள் அகன்ற, உயரம் குறைந்த இரும்பு ஸ்டாண்டு கொண்ட ஒற்றை பர்னர் அடுப்பே நல்லது. மணலில் நேரடியாக வைத்தால் ஒரு கால் புதைந்து அண்டா சரியும். கீழே செங்கல் அல்லது கல் பலகை போட்டுச் சமன்செய்யுங்கள்.

ரெகுலேட்டர், டியூப்

ஹை பிரஷர் பர்னருக்கு அதற்குரிய ரெகுலேட்டரும் டியூபும்தான் பொருத்த வேண்டும். ஐ.எஸ்.ஐ முத்திரை அவசியம். வீட்டுக்கான 14.2 கிலோ சிலிண்டரை வணிகச் சமையலுக்குப் பயன்படுத்தக் கூடாது. அதற்கு 19 கிலோ சிலிண்டர் இருக்கிறது. சிலிண்டரின் மேல்பட்டையில் 'ஏ-28' என்றிருந்தால், 2028 மார்ச்சுக்குள் அது மறுசோதனைக்குப் போக வேண்டும் என்று பொருள். பி, சி, டி என்பவை அடுத்தடுத்த மூன்று மாதங்களைக் குறிக்கும்.

கடல்காற்று வீசினால்?

காற்றில் தீ அணைந்தாலும் கேஸ் வந்துகொண்டே இருக்கும். எல்.பி.ஜி காற்றைவிடக் கனமானது என்பதால் தரையோடு பரவி, பள்ளத்தில் தேங்கும். அடுப்பைவிட்டு நகரவே கூடாது. காற்றுத் தடுப்புத் தகரத்தை அடுப்புக்கு மட்டும் வையுங்கள். சிலிண்டர் அதற்கு வெளியே, தள்ளி, நிமிர்ந்து நிற்கட்டும்.

தொடர்ந்து எரியும்போது சிலிண்டர் குளிர்ந்து, மேலே பனி படிந்து, தீ குறையலாம். கேஸ் வேகமாக ஆவியாவதே காரணம். சிலிண்டரைச் சாய்ப்பதும், சூடேற்றுவதும் பேராபத்து. அடுப்பை அணைத்துவிட்டு வேறு சிலிண்டரை மாற்றுங்கள்.

கீற்றுப் பந்தல் வேண்டாம்

2004 ஜூலை 16 அன்று கும்பகோணம் பள்ளியில், சமையல்கூடத்துத் தீ கீற்றுக் கூரைக்குப் பரவி 94 குழந்தைகள் இறந்ததை டெல்டா இன்னும் மறக்கவில்லை. வெயிலோ மழையோ, கீற்று, துணிப் பந்தலுக்குக் கீழே அடுப்பு வேண்டாம்.

பற்றவைக்கும் முன் இணைப்புகளில் சோப்பு நுரை தடவுங்கள். குமிழி வந்தால் கேஸ் கசிகிறது. உடனே வால்வை மூடுங்கள். கசிவு அவசர உதவிக்கு 1906, தீ விபத்துக்கு 101. இந்த இரண்டு எண்களையும் சமையல் பொறுப்பாளர் போனில் இன்றே பதிந்துவைக்கச் சொல்லுங்கள்.