துருப்பிடித்த பிக்கப்புக்குப் புது உயிர்! என்ஜினில் கை வைக்கும் முன் யோசியுங்க!

"எடைக்குப் போடுறத விட்டுட்டு, இதப் போயி நோண்டிக்கிட்டு!" என்று வீட்டில் திட்டு விழத்தான் செய்யும். ஆனாலும் கொட்டகையில் கிடக்கும் பழைய பிக்கப் வேனைக் கழற்றிப் பூட்ட நினைப்பவருக்குப் பெரியநாயக்கன்பாளையம் தோதான ஊர். நூற்பு எந்திரம் செய்யும் எல்.எம்.டபிள்யூ. உள்ள இடமாச்சே! கடையில் கிடைக்காத புஷ்ஷையும் பின்னையும் பழசைக் காட்டினால் லேத்தில் கடைந்து வாங்கிவிடலாம்.

சிக்கல் என்ஜினில்தான். பெட்ரோல் கட்டுப்படியாகாமல் அந்தக் காலத்திலேயே பல ஜீப்புகளில் டீசல் என்ஜின் ஏறிவிட்டது. 2021-ல் வந்த மத்திய அரசு விதிப்படி, 50 வருஷம் தாண்டிய சொந்த உபயோக வண்டிக்குத்தான் 'விண்டேஜ்' பதிவு. சேஸிஸ், பாடி, என்ஜினில் பெரிய மாற்றம் செய்திருந்தால் அதுவும் கிடையாது. புதுப் பதிவுக்குக் கட்டணம் 20 ஆயிரம் ரூபாய். 10 வருஷம் செல்லும்.

பதிவு கிடைத்தாலும் வாழைத்தார் ஏற்றி மண்டிக்குப் போக முடியாதுங்க! கண்காட்சி, விண்டேஜ் ஊர்வலம், பெட்ரோல் போட, ரிப்பேர் பார்க்க என்றால் ரோட்டில் இறக்கலாம். பாரம் சுமக்கப் பிறந்த வண்டிக்கு இப்படி ஒரு விதி!

பழைய வண்டி எப்படி இருக்க வேண்டும் என்று பார்க்க அவினாசி ரோடு போங்கள். 1920-ல் பொள்ளாச்சி-பழனி பஸ் விட்ட ஜி.டி.நாயுடு குடும்பத்தார் 2015-ல் திறந்த கார் அருங்காட்சியகம் அங்கே இருக்கிறது.