செயற்கைச் சுவாசமும் முதியோரின் உயிரும்

'வயது போனவரை வென்டிலேட்டரில் போட்டால் திரும்பி வரமாட்டார்' என்ற பேச்சு கொவிட் பெருந்தொற்றுக் காலத்தில் எம்மக்களிடையே ஆழமாக வேரூன்றிவிட்டது. தொற்றுத் தணிந்த பின்னரும் அப்பேச்சுத் தணியவில்லை. கடும் நிமோனியாவுடன் முதியவர் ஒருவர் அனுமதிக்கப்படும்போது, அதிதீவிர சிகிச்சைப் பிரிவின் வாயிலில் நிற்கும் பிள்ளைகளின் முடிவை இன்றும் இப்பேச்சே பெரிதும் தீர்மானிக்கின்றது. எனவே இதில் உண்மை எவ்வளவு, பீதி எவ்வளவு என்பதைப் பிரித்தறிவது அவசியமாகின்றது.

பீதிக்கு ஒரு மூலம் உண்டு. நியூயோர்க் பிரதேச வைத்தியசாலைகளில் அனுமதிக்கப்பட்ட 5,700 நோயாளர் பற்றிய ஆய்வொன்று 2020 ஏப்ரலில் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில் வெளியானது. செயற்கைச் சுவாசம் அளிக்கப்பட்டோரில் 88 வீதமானோரும், அவர்களுள் 65 வயதைக் கடந்தோரில் 97 வீதமானோரும் மரணமடைந்ததாக அதில் கூறப்பட்டிருந்தது. உலகெங்கும் இது தலைப்புச் செய்தியாயிற்று. ஆனால் இறந்தோரும் வீடு திரும்பியோரும் மாத்திரமே அக்கணக்கில் சேர்க்கப்பட்டிருந்தனர். கருவி பொருத்தப்பட்ட 1,151 பேரில் 831 பேர் அப்போதும் வைத்தியசாலையிலேயே இருந்தனர். இந்நோயில் மரணம் விரைந்து வரக்கூடியது, மீட்சிக்கோ வாரக்கணக்காகும். எனவே நடுவழியில் எடுக்கப்பட்ட கணக்கு மரணத்தின் பக்கமே சாய்ந்திருந்தது. சில நாட்களில் திருத்தம் வெளியிடப்பட்டது. திருத்தங்களுக்குத் தலைப்புச் செய்தியாகும் பாக்கியம் கிட்டுவதில்லை.

ஜேர்மனியில் மேற்கொள்ளப்பட்ட ஆய்வு இதைவிட நம்பகமானது. 920 வைத்தியசாலைகளில் சிகிச்சை முடிவுற்ற 10,021 நோயாளரை அது ஆராய்ந்தது. அவர்களில் 1,727 பேருக்குச் செயற்கைச் சுவாசம் அளிக்கப்பட்டிருந்தது; 53 வீதமானோர் உயிரிழந்தனர். வயதுவாரியாக நோக்கின், 18 முதல் 59 வயது வரையானோரில் இறந்தோர் 28 வீதம். 80 வயதும் அதற்கு மேற்பட்டோரில் 72 வீதம். இளையோரில் இறந்தோரின் வீதமும் மூத்தோரில் பிழைத்தோரின் வீதமும் ஒன்றாக அமைந்தமை கவனிக்கத்தக்கது. வயதின் பாதகம் மிகப் பெரிது என்பதில் ஐயமில்லை. ஆயினும் எண்பதைக் கடந்தோரிலும் நால்வரில் ஒருவருக்குச் சற்று அதிகமானோர் உயிருடன் வெளியேறியுள்ளனர். 'திரும்பி வரமாட்டார்' என்பது இந்தக் கணக்குடன் பொருந்தவில்லை.

வயது ஏன் இவ்வளவு தாக்கம் செலுத்துகின்றது? 1952இல் டென்மார்க்கின் தலைநகர் கொப்பன்ஹேகனில் போலியோ பரவியபோது, மருத்துவ மாணவர்கள் இரவு பகலாகக் கையால் பையை அழுத்தி நோயாளருக்குக் காற்றளித்தனர். நவீன தீவிர சிகிச்சை அங்கிருந்தே தொடங்கியது எனலாம். நோயாளரில் பலர் சிறுவர்கள். அவர்களின் சுவாசத் தசைகளே செயலிழந்திருந்தன. நுரையீரலின் உட்பகுதியை வைரஸ் சிதைத்திருக்கவில்லை. கொவிட்டிலோ இன்புளுவென்சாவிலோ நுரையீரலே காயமுறுகின்றது. கருவி அக்காயத்தை ஆற்றுவதில்லை. உடல் தானே ஆற்றிக்கொள்வதற்கு அவகாசத்தை மாத்திரமே பெற்றுத் தருகின்றது. அந்த அவகாசத்தைப் பயன்படுத்தும் வலு முதுமையில் குன்றிவிடுகின்றது. நெஞ்சுக்கூடு விறைத்திருக்கும். படுக்கையில் கழியும் ஒவ்வொரு நாளும் தசை கரையும். சிறுநீரகமும் இதயமும் மேலதிகச் சுமையைத் தாங்கா. வைரஸை எதிர்க்கும் இன்டர்பெரோன் என்ற புரதத்தையே முடக்கும் பிறழ்வான பிறபொருளெதிரிகள், 80 வயதைக் கடந்த ஆபத்தான கொவிட் நோயாளரில் ஏறத்தாழ ஐவரில் ஒருவரிடம் இருந்தமையும் 2021இல் கண்டறியப்பட்டது.

எனினும் பிறந்த ஆண்டு மாத்திரமே உடலின் வலுவைக் கூறிவிடாது. 2020 மார்ச்சில் நெருக்கடி முற்றிய வேளையில், அதிதீவிர சிகிச்சைக்கு வயதெல்லை வகுக்க நேரிடலாம் என இத்தாலிய மயக்கமருந்து வைத்தியர் சங்கம் அறிவித்தது. அதே மாதத்தில் பிரித்தானியாவின் வழிகாட்டல் வேறொரு அளவுகோலை நாடியது. கனடாவில் உருவாக்கப்பட்ட ஒன்பது படிநிலைகளைக் கொண்ட தளர்ச்சி அளவுகோலே அது. நோயாளி இரு வாரங்களுக்கு முன்னர் எவ்வாறு வாழ்ந்தார், தானே நடந்தாரா, குளிப்பதற்கும் உடுத்துவதற்கும் பிறர் உதவி தேவைப்பட்டதா என்பவற்றை அது கேட்கின்றது. வயதெல்லையை விட இதுவே நியாயமானது என்பது எமது கருத்தாகும். தோட்டத்தில் நின்று மண் கொத்திய எழுபத்தைந்து வயதினரும், ஆண்டுக்கணக்காகப் படுக்கையில் கிடக்கும் அதே வயதினரும் ஒரே கணக்கில் அடங்கமாட்டார்கள். வாயிலில் நிற்கும் பிள்ளைகள் வைத்தியரிடம் முதலில் சொல்லவேண்டிய தகவலும் இதுதான். தளர்ந்த உடலுக்குக் கருவி வேண்டாம் என அவர் ஆலோசனை கூறின், அதனைக் கைவிடல் எனக் கொள்ளலாகாது. மூச்சுத்திணறலையும் வேதனையையும் தணிப்பதும் சிகிச்சையே.

கருவியால் பெரும்பாலும் மீட்க முடியாத வயதினரை அக்கருவியின் பக்கமே செல்லாது காப்பதற்குக் கைவசமிருந்த வழி தடுப்பூசியாகும். அவர்களே வரிசையில் முதலில் நின்றிருக்க வேண்டும். ஆனால் 2021 பெப்ரவரியில் மேல் மாகாணத்தில் பொதுமக்களுக்கான தடுப்பூசி ஏற்றல் ஆரம்பிக்கப்பட்டபோது 30 முதல் 60 வயது வரையானோருக்கே முன்னுரிமை அளிக்கப்பட்டது. உழைக்கும் வயதினரைக் காத்தால் பொருளாதாரம் நிமிரும் என்ற வாதம் அதற்குப் பின்னால் இருந்தது. அவ்வாண்டு ஓகஸ்ட் பிற்பகுதியில் நாளாந்த மரணங்கள் இருநூறைத் தாண்டின. உயிரிழந்தோரில் பெரும்பாலானோர் 60 வயதைக் கடந்தவர்கள்.