புளியும் ஆசிட்டும்

சித்தூர், திருப்பதி பக்கத்தில் புளி இல்லாத சமையல் இல்லை. புளி போட்டுத் தேய்த்தால் பித்தளைக் குடம் பளபளக்கிறது. ஏன்?

புளியில் அமிலம் இருக்கிறது. அது குடத்தின் கறுப்பைக் கரைக்கிறது. பித்தளையில் உள்ள செம்பையும் கரைக்கும். அதனால்தான் பித்தளைப் பாத்திரத்தின் உள்ளே ஈயம் பூசுகிறார்கள். ஈயம் போன பாத்திரத்தில் புளிக்குழம்பு வைத்தால் செம்பு குழம்பில் இறங்கும். வாந்தி வரும். வெள்ளீயம்தானா என்று கேட்டுப் பூசுங்கள். காரீயம் நஞ்சு.

கக்கூஸ் கழுவும் ஆசிட்டும் அமிலம்தான். ஆனால் மிகக் கடுமையானது.

இரும்பை அது அரிக்கும். சிமெண்ட் தரையிலும் சலவைக் கல்லிலும் பட்டால் நுரைக்கும். தரை கரையும். குப்பம் பக்கத்துக் கருங்கல் எளிதில் கரையாது. பருத்தித் துணி இற்றுப் போகும். கண்ணாடியும் பிளாஸ்டிக்கும் தாங்கும். அதனால்தான் ஆசிட் பிளாஸ்டிக் பாட்டிலில் வருகிறது.

நம் தோலும் கண்ணும் தாங்காது. ஆகவே:

• தண்ணீர் பாட்டிலில் ஆசிட் ஊற்றி வைக்காதீர்கள். குழந்தை குடித்துவிடும்.

• பிளீச்சிங் பவுடருடன் கலக்காதீர்கள். நச்சுக் காற்று வரும்.

• உடம்பில் பட்டால் உடனே 20 நிமிடம் தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். பிறகு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

18 வயது ஆகாதவருக்கு ஆசிட் விற்கக் கூடாது. இது 2013-இல் உச்ச நீதிமன்றம் இட்ட உத்தரவு.